ஆறாவது சிவப்பு

தப்பு செய்கிற பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். பாடம் நடத்துவதைப் பேசும் கணினிப் பலகைகள் எடுத்துக்கொண்ட பிறகு, அவர்களுக்காகத்தான் என்னைப் போன்ற ஆசிரியர்களை இன்னும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். எட்டேழு கேட்டால் ஐம்பத்து நாலு என்று சொல்கிற பிள்ளை நாளைக்கும் ஐம்பத்து நாலு என்றுதான் சொல்லும். வெள்ளிக்கிழமை கேட்டாலும் அதையே சொல்லும். தப்பு என்பது ஒரு பழக்கம். இடது செருப்பை முதலில் மாட்டுகிற மாதிரி.

அதனால்தான் எழிலியின் தப்புகள் என்னை உறுத்தின. நாலாம் வகுப்பில் அவள் பலகையில் செய்த தப்புகளை ஒரு மத்தியானம் வரிசையாகப் பார்த்தேன். அரையும் காலும் கூட்டினால் ஆறில் ரெண்டு என்று ஒரு நாள். கடன் வாங்கிக் கழிப்பதில் கடன் வாங்க மறந்து ஒரு நாள். பரப்பளவு கேட்டால் சுற்றளவு. ஒன்பது வயதுப் பிள்ளை செய்யக்கூடிய எல்லாத் தப்பும் இருந்தது. ஆனால் ஒன்றுகூட இரண்டாவது தடவை வரவில்லை.

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் தட்டோடு ஓடியபின் அவளை மட்டும் நிறுத்தினேன். ஒல்லியான பெண். சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டே நிற்பாள்.

"எழிலி, உன் தப்பெல்லாம் ரொம்ப அழகா இருக்கும்மா."

அவள் காலரை வாயிலிருந்து எடுத்தாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ என் கையிலிருந்த பலகையை எட்டிப் பார்த்து, ஒரு சமையல்காரி ருசி கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"எந்தத் தப்பு டீச்சர் ஒட்டலை?"

"எல்லாமே ஒட்டுது. ஆனா எதுவுமே ரெண்டாவது தடவை வரல. தப்பு பண்றவங்க அதையேதான் திரும்பத் திரும்பப் பண்ணுவாங்க."

"ஓ..." என்றாள். "ரிப்பீட் பண்ணணுமா. அதைக் கவனிக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "எதுக்குடா இந்த வேலை?"

"அஞ்சு சிவப்புதான் இருந்துச்சு டீச்சர். ஆறு வேணும்ல?"

பலகையின் மூலையில் ஒரு சின்ன விளக்கு உண்டு. பிள்ளை பாடத்தோடு ஓடினால் பச்சை, பின்தங்கினால் சிவப்பு. மாதக் கடைசியில் சிவப்பை எண்ணுவார்கள். ஆறும் அதற்கு மேலும் இருந்தால் அங்கே ஒரு ஆசிரியர் வருவார். ஆறுக்குக் கீழே இருந்தால் பலகைகளே போதும். வாசலில் ஒரு கண்காணிப்பாளர் அக்கா மட்டும் உட்கார்ந்திருப்பார்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டாம் வகுப்புல அந்த அக்காதான் சொன்னாங்க. 'இன்னும் ஒண்ணு சிவப்பா இருந்தா ஒரு டீச்சர் வந்திருப்பாங்க, எனக்கும் தலைவலி மிச்சம்'னு."

"அக்கா தலைவலிக்காகவா நீ சிவப்பானே?"

"இல்ல டீச்சர். அனஸுக்கு."

அனஸ் என் வகுப்பில் முதல் வரிசை. திக்குவாய். நான் மூன்றாம் வகுப்பில் இவர்களிடம் வந்தபோது அவன் வாயே திறக்க மாட்டான். அவன் திக்குவதைப் பார்த்த பலகை ரொம்ப அன்பாக, "இனிமேல் நீ தொட்டே பதில் சொல்லலாம்" என்று சொல்லியிருக்கிறது. அன்றிலிருந்து அவனைப் பேசச் சொல்ல ஒரு ஆளும் இல்லை. வகுப்பே காதில் பொத்தானை மாட்டிக்கொண்டு அவரவர் பலகையோடு இருந்தது. பள்ளிக்கூடத்தில் பேச்சை விட்டவன் தெருவிலும் விட்டுவிட்டான்.

"அவன் எங்க வீட்டுக்கு எதிர் வீடு. முன்னாடி எல்லாம் ரொம்பப் பேசுவான் டீச்சர். லேட்டாகும், ஆனா பேசுவான்" என்றாள் எழிலி. "அவன் பேசுறதைக் கேக்க ஒரு ஆள் வேணும்னு தோணிச்சு. நீங்க வந்தீங்க."

நான் வந்தது மாவட்ட அலுவலகம் போட்ட உத்தரவால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை வரவழைத்தது இந்தக் காலர் கடிக்கிற பெண்.

"நாலாம் வகுப்பு முடியும்போதும் சிவப்பா இருந்தா என்ன ஆகும், தெரியுமா?"

"கைத்தொழில் பிரிவு. அதுக்கு மேல கணக்குப் பாடம் பலகையில வராது. திறக்கவே திறக்காது."

"தெரிஞ்சுமா?"

"அதுக்குள்ள ஏதாவது யோசிச்சிடலாம்னு இருந்தேன்." அவள் குரல் முதல் தடவையாக இறங்கியது. "நான் பச்சையானா நீங்க போயிடுவீங்க. சிவப்பாவே இருந்தா கணக்கு போயிடும். இந்த ஒரு கணக்குதான் டீச்சர் எனக்கு வரவே இல்ல."

ஆண்டு முடிய மூன்று மாதம் இருந்தது. நான் வாயைத் திறந்தால் அறையில் ஐந்து சிவப்பு. மாதக் கடைசியில் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல். அனஸ் மறுபடியும் தொட்டுப் பதில் சொல்லுவான். நான் வாயைத் திறக்காவிட்டால் இப்படி ஒரு மூளை பன்னிரண்டாம் வகுப்பு வரை பெருக்கல் வாய்பாட்டோடு நின்றுவிடும். இரண்டையும் எடைபோட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அனஸுக்கு வேறு ஏதாவது வழி தேடலாம், பூட்டிய பாடம் மறுபடி திறக்காது. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன்.

புளியங்கோட்டையில் நூல் மில் மேனேஜர் பெயர் தெரியாதவர்கள் உண்டு. தர்ஷினி பெயர் தெரியாதவர்கள் கிடையாது. மில் தொழிற்சங்கச் செயலாளர். எழிலியின் அம்மா. நான் போனபோது பகல் ஷிப்ட் முடிந்து வந்து, தலையில் ஒட்டியிருந்த பஞ்சுகூடத் தட்டாமல், மகளோடு தரையில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வகுப்புப் பாடம். பலகை அனுப்பிய வீட்டுப் பயிற்சி. தினமும் இதே நேரம் இதே வேலை, ஒரு நாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை என்று அவர் கணவர் விக்னேஷ் அடுப்படியிலிருந்து சொன்னார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். முதலில் தப்புகள், பிறகு ஆறு சிவப்பு, பிறகு அனஸ். வரிசை மாறாமல் சொன்னேன். தர்ஷினி புளியங்கொட்டையைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"எழிலு. டீச்சர் சொல்றது நெசமா?"

ஆமென்று எழிலியின் தலை ஆடியது.

"ரெண்டு வருஷமா நான் உக்காந்து சொல்லிக் கொடுத்தேனே? பத்தும் மூணும் எத்தனைன்னு நீ விரல் விட்டு எண்ணுவியே? அதெல்லாம்?"

"அது..." எழிலி காலரைத் தேடினாள். "நீ சொல்லிக் கொடுக்கிறது எனக்குப் பிடிச்சிருந்துச்சும்மா. பச்சையான பிள்ளைங்க வீட்டுல யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க."

தர்ஷினி ஒரு அடி போடுவார் என்றுதான் நினைத்தேன். கை ஓங்கவும் செய்தார். ஓங்கிய கை அப்படியே தன் வாயைப் பொத்திக்கொண்டது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

விக்னேஷ் தோசைக் கரண்டியோடு வெளியே வந்தார். "அப்ப தினமும் காலையில நான் அரைச்சுக் கொடுத்த வல்லாரைச் சாறு?"

"அதை மட்டும் நாளையிலிருந்து நிறுத்திடுங்கப்பா" என்றாள் மகள்.

"ஏற்கெனவே இருக்கிற மூளைக்கு மேல ஊத்தியிருக்கேன் பாரு!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

தர்ஷினி முகத்தைத் துடைத்தார். "டீச்சர், இதை வெளியே சொன்னா உங்களுக்கு மாற்றல்தானே?"

"ஆமா."

"தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"ஆமாம்மா."

அவர் புளியங்கொட்டைகளை ஒதுக்கி வைத்தார். "சரி. நாளைக்குப் பத்து மணிக்கு ஹெட்மாஸ்டரைப் பாப்போம். நீங்க ஒண்ணும் ஏத்துக்காதீங்க, ஒண்ணும் விட்டுக் கொடுக்காதீங்க. பேச்சுவார்த்தைன்னா முதல்ல நான் ஒண்ணுதான் கேப்பேன். 'மேலே கேக்காம நீங்களே தரக்கூடியது எது?' மேலே எழுதுறேன்னு ஒருத்தர் ஆரம்பிச்சாருன்னு வைங்க, ஆறு மாசம் போயிரும். மில்லுன்னா மெஷின் அப்படியே நிக்கும். இங்க புள்ள வளந்துரும்."

தலைமையாசிரியர் அஸ்வின் சார் நல்ல மனிதர். விதி என்று எதையாவது சொன்னால் எழுந்து நிற்பார், அவ்வளவுதான் குறை. நாங்கள் சொன்னதைக் கேட்டு ரொம்பப் பரிதாபமாகச் சிரித்தார்.

"எல்லா அம்மாவுக்கும் அவங்க பிள்ளை மேதைதாம்மா. ஆனா பலகை பொய் சொல்லாது. ரெண்டு வருஷமா சிவப்பு."

"பலகை பொய் சொல்லல சார். எம்பொண்ணுதான் சொல்லியிருக்கா" என்றார் தர்ஷினி. "நீங்களே பாருங்க."

சார் அலமாரியிலிருந்து யார் பெயரும் ஏறாத புதுப் பலகை ஒன்றை எடுத்து எழிலி முன்னால் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"முதல் கேள்வி பேனா கணக்கு சார். புதுப் பிள்ளைன்னா அதுலதான் ஆரம்பிக்கும்" என்றாள்.

சார் பலகையை எழுப்பினார். ஒரு பெட்டியில் பன்னிரண்டு பேனா, நாலு பெட்டியில் எத்தனை?

"இதைச் சரியாப் போட்டா அடுத்து பஸ் வரும். பதினாறுன்னு போட்டா, கூட்டிட்டோம்னு நினைச்சுக்கிட்டு மாம்பழம் காட்டும்."

சார் பதினாறு என்று போட்டார். கூடை நிறைய மாம்பழம் வந்தது. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப சரியாப் போடுங்க. பஸ்ஸுக்கே திரும்பி வரும். ஆனா நம்பர் சின்னதா இருக்கும், நீங்க பயந்திருப்பீங்கன்னு."

வந்தது. சின்ன எண்களோடு ஒரு பஸ்.

"இப்ப ரொம்ப நேரம் ஒண்ணும் பண்ணாதீங்க சார்."

சார் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். எழிலி உதட்டை அசைத்தாள், அவள் உதட்டோடு சேர்ந்து பலகை சொன்னது: "பரவாயில்லை, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறாயா?"

அஸ்வின் சார் உண்மையிலேயே தண்ணீர் குடித்தார்.

"எப்படிம்மா?"

"சரியாச் சொன்னா அது அடுத்ததுக்குப் போயிடும் சார், ஒண்ணும் சொல்லாது. தப்பாச் சொன்னாதான் பேசும். ரெண்டு வருஷமா அது பேசுறதைத்தான் கேட்டேன். அது எப்படி யோசிக்குதுன்னு தெரிஞ்சிடுச்சு."

நான் இருபது வருடம் வகுப்பில் நின்றவள். அந்த நிமிடம் எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. பட்டினி போட்ட பிள்ளை, பரிமாறாத சமையலறையை வாசனையாலேயே தெரிந்துவைத்திருக்கிறது.

சார் முகத்தில் இப்போது வெளிச்சம். "மதுரையில இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னே ஒரு உறைவிடப் பள்ளி இருக்கும்மா. இன்னைக்கே மேலே எழுதுறேன். நம்ம பள்ளியிலிருந்து முதல் பிள்ளை!"

"அங்க அனஸ் வருவானா சார்?" என்றாள் எழிலி.

"அவன் எப்படிம்மா..."

"அப்ப வேணாம்."

தர்ஷினி மகள் தோளில் கை வைத்தார். "சார், மதுரை உங்க மேலதிகாரி தர்றது. அவ பெரியவளாகி, அவளே போறேன்னா அனுப்புறேன். ஒன்பது வயசுல, ஒரு சிநேகிதனைக் காப்பாத்தினதுக்காக ஊரை விட்டு அனுப்ப மாட்டேன். மேலே கேக்காம நீங்களே தரக்கூடியது எது? அதைச் சொல்லுங்க."

"என் கையில என்னம்மா இருக்கு? மணி அடிக்கிறது, அறை ஒதுக்குறது..."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. ஆங், ஒரு பிள்ளையோட பலகையை மேல் வகுப்புப் பாடத்துக்கெல்லாம் திறந்து விடலாம். என் கைரேகை வச்சாப் போதும்."

"இதுவரைக்கும் எத்தனை பிள்ளைக்குத் திறந்திருக்கீங்க?"

சார் யோசித்தார். "யாரும் கேட்டதில்லையேம்மா."

"நான் கேக்குறேன்."

இவ்வளவு சுலபமா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. விரல் வைக்கிற ஒரு விஷயம். கேட்க ஆளில்லாமல் அந்தப் பலகைகள் எல்லாம் பூட்டிக் கிடந்திருக்கின்றன.

ஆனால் எழிலி சந்தோஷப்படவில்லை. "திறந்தா நான் பச்சை. அப்ப டீச்சர்?"

"அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? எண்ணிக்கை விதி மேலே போட்டது" என்று சார் எழுந்து நிற்கப் பார்த்தார்.

"உக்காருங்க சார்" என்றார் தர்ஷினி. மில்லில் எத்தனை மேனேஜர்கள் அந்தக் குரலுக்கு உட்கார்ந்தார்களோ, இவரும் உட்கார்ந்தார். "அறை ஒதுக்குறது உங்க கையிலன்னீங்களே. சிவப்பை எண்ணுறது வகுப்புக்கா, அறைக்கா?"

சார் விதியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். "அறைக்கு."

"பக்கத்து அறையில யாரு?"

நான் சொன்னேன், "ரெண்டாம் வகுப்பு. அங்க ஆசிரியர் இல்ல. சிவப்பு நாலுதான்."

"நடுவுல இருக்கிறது மரத்தட்டிதானே சார்?"

எழிலி துள்ளினாள். "அஞ்சும் நாலும் ஒன்பது!"

இரண்டு வருடத்தில் என் முன்னால் அவள் வாய்விட்டுச் சொன்ன முதல் சரியான விடை அதுதான்.

"அறை!" என்று நெற்றியில் தட்டிக்கொண்டாள். "நான் பிள்ளைங்களை மட்டுமே எண்ணிக்கிட்டிருந்தேன் டீச்சர். சுவத்தை யோசிக்கவே இல்ல."

அஸ்வின் சார் விதிப்படி தட்டியை எடுக்கலாமா என்று இன்னொரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். எடுக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. பிறகு விரலை எழிலியின் பலகையில் வைத்தார். எனக்குத் தெரிந்து அந்த மனிதர் மேலே கேட்காமல் செய்த முதல் காரியம். அன்று முழுவதும் அவர் நடையே மாறியிருந்தது.

தட்டியை எடுத்தபின் ஒரே அறையில் சின்னதும் பெரியதுமாக இரண்டு வகுப்பு. சத்தம் கூரையைப் பிளக்கும். நான் எப்போதும் போல எல்லோரையும் வாய்விட்டுப் பதில் சொல்லச் சொன்னேன். அனஸ் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுவான். திக்கினால் அவர்கள் காத்திருப்பார்கள். அவர்களுக்கு வேறு அவசரம் எதுவும் இல்லை.

எழிலி அந்த ஆண்டே பச்சையானாள். ஐந்தாம் வகுப்பு தொடங்கிய கொஞ்ச நாளில் ஒரு காலை, கடைசி பெஞ்சில் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன என்று போய்ப் பார்த்தேன். எனக்கே புரியாத ஏதோ ஒரு கணக்கு. பலகையில் ஒரு தப்பு விடை. அதற்கு மேலே அதே விடை. அதற்கும் மேலே அதே விடை.

"டீச்சர், திரும்பத் திரும்ப அதேதான் வருது. ஏன்னு தெரியல" என்றாள், அழுகிற மாதிரி.

"நல்லது" என்றேன். அவள் என்னை முறைத்தாள். எனக்கு மட்டும் நெஞ்சு நிறைந்துபோனது. ஒருவழியாக அவளுக்குத் தெரியாத ஒன்றை யாரோ அவளிடம் கேட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் தர்ஷினியிடம் சொன்னேன். எனக்கு அந்தக் கணக்குப் புரியலையே டீச்சர், பக்கத்துல உக்காந்து என்ன செய்ய என்றார். சும்மா உட்காருங்கள், அதுதான் வேண்டும் என்றேன். அப்படியே உட்கார்கிறாராம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு உண்டு. நன்றாகச் சொல்லிக் கொடுத்தால் சிவப்பு குறையும். சிவப்பு குறைந்தால் சொல்லிக் கொடுத்தவர் போக வேண்டும். ஒன்பது எட்டானது, ஏழானது. தீபாவளிக்குள் நான்கைந்துக்கு வந்துவிடும், பொங்கலுக்கு வேறு ஊரில் இருப்பேன் என்று வீட்டில் சொல்லியும் வைத்தேன்.

ஆனால் ஆறுக்குக் கீழே இறங்கவில்லை. மாதக் கடைசியில் எண்ணினால் ஆறு. அடுத்த மாதமும் ஆறு. அதே ஆறு பேரும் இல்லை. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ரக்‌ஷனா திடீரென்று ஒரு மாதம் சிவப்பானாள், அடுத்த மாதம் பச்சைக்குப் போய்விட்டாள். பிறகு கவின். ஒரு பிள்ளையும் ஒரு மாதத்துக்கு மேல் தங்கவில்லை. அதனால் கைத்தொழில் பிரிவுப் பயம் யாருக்கும் இல்லை. சந்தேகப்பட்டுத் தப்புகளைப் பார்த்தேன். கவின் மாதம் முழுக்கக் கடன் வாங்க மறந்திருந்தான். ஒரே தப்பு, திரும்பத் திரும்ப. குறை சொல்ல இடமில்லை.

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனபோது இரண்டு பிள்ளைகள் பேசுவது காதில் விழுந்தது.

"இந்த மாசம் யாரு ஷிப்ட்?"

"அனஸ். அவனுக்கு எட்டேழு கொடுத்திருக்கா எழிலி."

மில் செயலாளர் வீட்டுப் பிள்ளை. ஷிப்ட் போடத் தெரியாமல் இருக்குமா?

வகுப்புக்கு வந்தேன். எழிலி நிமிர்ந்தே பார்க்கவில்லை. காலரைக் கடித்தபடி தன் கணக்கில் மூழ்கிக் கிடந்தாள். வாய்பாடு அத்தனையும் தலைகீழாகச் சொல்கிற அனஸை எழுப்பினேன்.

"எட்டேழு எவ்வளவு அனஸ்?"

அவன் வாயைத் திறந்தான். முதல் எழுத்து வரக் கொஞ்ச நேரம் ஆனது. முழு அறையும் காத்திருந்தது.

"ஐ... ஐ... ஐம்பத்து நாலு டீச்சர்."

கடைசி வரிசை வரை கேட்டது. அவன் மேசையில் இருந்த பலகையின் விளக்கு மெல்லச் சிவப்புக்கு மாறியது.

"சரி, உக்காரு" என்றேன்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் கேட்டேன். ஐம்பத்து நாலு என்றான்.